அத்தியாயம் 7: பெரிஸ்கோப், பைனாகுலர் காட்சிகளை அமைப்பது

நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டில் ஆட்டக்காரர் கடலைப் பார்க்கும் நேரம் மிகக் கொஞ்சம். வரைபடத்தின் முன்னும் ஒலிக்கருவியின் முன்னும் காத்துக் கிடந்து, கடைசியில் பெரிஸ்கோப்பை உயர்த்தும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் அவர் வருகிறார். அந்த நொடிகளில் திரையில் தெரிவது நம்பும்படி இல்லையென்றால், முந்தைய ஆறு அத்தியாயங்களில் கடலுக்கும் கப்பல்களுக்கும் நாம் செய்த வேலை அவரைப் போய்ச் சேராது.

இந்த வேலைக்கு ஒரு விதி போதும். வெளியிலிருந்து ஒளி எந்த வரிசையில் கண்ணுக்கு வந்து சேருகிறதோ, அதே வரிசையில் லேயர்களை அடுக்குங்கள். தண்ணீர்த் துளி, தூசி, அளவுகோடு, வட்டத்தின் விளிம்பு ஆகிய ஒவ்வொன்றும் கருவிக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது. அந்த இடம்தான் அது கூர்மையாகத் தெரிய வேண்டுமா, மங்கலாகத் தெரிய வேண்டுமா என்பதை முடிவு செய்கிறது. அழகுக்காகச் சேர்க்கும் கறைகளும் கீறல்களும் இந்த விதிக்கு உட்படாவிட்டால், கண் உடனே பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

எந்தக் கருவி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"ஒரு பெரிஸ்கோப்" என்று பொதுவாக எதையும் செய்ய முடியாது. இந்த அத்தியாயம் முழுக்க இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் இயங்கிய அமெரிக்க நீர்மூழ்கிகளை, அதாவது காட்டோ, பலாவோ வகைக் கப்பல்களை, எடுத்துக்கொள்கிறேன். காரணம், அவற்றின் பெரிஸ்கோப்புகளுக்கான அமெரிக்கக் கடற்படைக் கையேடு 1946-இல் அச்சாகி, இன்று எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் கிடைக்கிறது. பலாவோ வகையைச் சேர்ந்த பம்பானிட்டோ சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. அதன் உட்புறப் படங்களும் நிறையக் கிடைக்கும்.

நமக்கு வேண்டிய எண்கள் இவை:

- பெரிஸ்கோப்பில் இரண்டு உருப்பெருக்க நிலைகள்: 1.5 மடங்கு, 6 மடங்கு.
- 1.5 மடங்கில் தெரியும் கடல் 32 டிகிரி அகலம். 6 மடங்கில் 8 டிகிரி.
- மேல்தளத்தில் பயன்படுத்தும் பைனாகுலர் 7×50 வகை. 7 மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர், பார்வை அகலம் சுமார் 7 டிகிரி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 32-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 48. 8-ஐ 6-ஆல் பெருக்கினாலும் 48. பைனாகுலரில் 7-ஐ 7-ஆல் பெருக்கினால் 49. அதாவது மூன்று காட்சியிலும் கண்ணுக்குத் தெரியும் வட்டம் ஏறக்குறைய ஒரே அளவு. திரையிலும் மூன்றுக்கும் ஒரே வட்டம் போதும். உருப்பெருக்கத்தை மாற்றும்போது வட்டத்தைச் சிறிதாக்குவதும் பெரிதாக்குவதும் பலர் செய்யும் முதல் தவறு.

ஜெர்மன் யு-போட் விளையாட்டு செய்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும். அவற்றின் பெரிஸ்கோப்புகளிலும் 1.5, 6 என்ற இரண்டு நிலைகள்தான். அளவுகோடுகளின் வடிவமும் இலக்கைக் கணிக்கும் முறையும் மாறும்.

தொடங்கும் முன்

1. வேலை செய்யும் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து வேறொரு டிரைவில் வையுங்கள். சைலண்ட் ஹன்டர் போன்ற வெளிவந்த விளையாட்டை மாற்றியமைக்கிறீர்கள் என்றால் மூலக் கோப்புகளின் மேல் நேரடியாக எழுதாதீர்கள். ஜே.எஸ்.ஜி.எம்.இ. போன்ற மோட் மேலாளர் வழியாகச் சேர்த்தால், பிடிக்காதபோது ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.
2. படம் வரைய கிம்ப் போதும். விளையாட்டு எஞ்சின் எதுவானாலும் சரி. நான் கோடோவை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.
3. திரை 1920×1080 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் திரை வேறு என்றால் உயரத்தை மட்டும் மாற்றிக் கணக்கிடுங்கள்.

மாதிரிப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். விழித்திரை ஒரு கணத்தில் கருகிவிடும், அதற்கு மருந்து கிடையாது. கடற்கரையில் சூரியன் மறைவதைப் படமெடுக்கும் ஆசை வரும்போதுதான் இது நடக்கிறது. இன்னொன்று, துறைமுகம், கடற்படைத் தளம் ஆகியவற்றுக்கு அருகில் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள்.

உண்மையான நீர்மூழ்கியின் உட்புறத்தை நேரில் பார்க்க விரும்பினால் விசாகப்பட்டினம் போய் வாருங்கள். ஐ.என்.எஸ். குர்சுரா 2002 முதல் அங்கே கடற்கரையிலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது. அது சோவியத் நாட்டில் கட்டப்பட்ட கப்பல், ஆகவே அதன் அளவுகளை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பெரிஸ்கோப்பைச் சுற்றி ஒரு மனிதர் நின்று திரும்ப எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை உடம்பு உணர்ந்துவிட்டால், காட்சி திரும்பும் வேகத்தை நீங்கள் தப்பாக வைக்க மாட்டீர்கள்.

முதல் வேலை: கோணங்கள்

மாஸ்க் வரைவதற்கு முன்பே இதை முடியுங்கள். வரிசை மாறினால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டி வரும்.

1. உங்கள் எஞ்சினில் கேமராவின் பார்வைக் கோணம் உயரவாக்கிலா, அகலவாக்கிலா என்று பாருங்கள். கோடோ, யூனிட்டி இரண்டிலும் இயல்பாக அது உயரவாக்குக் கோணம். அன்ரியலில் அகலவாக்கு. இதைப் பார்க்காமல் எண்ணை நிரப்பினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் கோணலாகும்.
2. வெறுங்கண் காட்சிக்கான கேமராவை 51.1 டிகிரி உயரக் கோணத்தில் நிறுத்துங்கள். இந்த எண் சும்மா வரவில்லை. நான்காம் படியில் காரணம் தெரியும்.
3. மற்றக் காட்சிகளுக்கு இந்தச் சூத்திரம்: புதிய கோணத்தின் பாதிக்கு டேன் = வெறுங்கண் கோணத்தின் பாதிக்கு டேன் ÷ மடங்கு. 25.55 டிகிரியின் டேன் 0.478. அதை 1.5-ஆல் வகுத்தால் கோணம் 35.35 டிகிரி, 6-ஆல் வகுத்தால் 9.11, 7-ஆல் வகுத்தால் 7.81.
4. வட்டத்தின் விட்டத்தைத் திரை உயரத்தில் 90 சதவீதமாக, அதாவது 972 பிக்சலாக, வையுங்கள். இப்போது 1.5 மடங்கில் வட்டத்துக்குள் 32 டிகிரி கடல் தெரியும். 6 மடங்கில் 8.2 டிகிரி, பைனாகுலரில் 7 டிகிரி. கருவிகளின் உண்மையான அளவுகளும் இவைதான், 6 மடங்கில் வரும் அந்த 0.2 டிகிரியைத் தவிர.

*தவறு:* கோணத்தையே மடங்கால் வகுப்பது. 51.1-ஐ 6-ஆல் வகுத்தால் 8.5 வரும். வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் தூரம் அளக்கும்போது ஏழு சதவீதம் பிசகும், டார்பிடோ குறி தவறும்.

*குறிப்பு:* "6 மடங்கு என்கிறீர்கள், கப்பல் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறதே" என்று ஆட்டக்காரர்கள் கேட்பார்கள். 24 அங்குலத் திரையை 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார்கள். வட்டம் அவர்கள் கண்ணில் 48 டிகிரியை நிரப்ப வேண்டுமானால் ஏறக்குறைய 30 செ.மீ.க்கு நெருங்கி வர வேண்டும். அதற்காகக் கோணத்தைக் குறைத்துவிடாதீர்கள். வேண்டுமானால் வட்டத்தைத் திரை உயரம் முழுக்க நிரப்பும் ஒரு விருப்பத் தேர்வு கொடுங்கள். அப்போது கேமராக் கோணத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

கோணம் சுருங்கும்போது கூடவே மூன்று அமைப்புகளை மாற்ற வேண்டும். சுட்டியின் வேகத்தை அதே மடங்கால் வகுங்கள், இல்லையென்றால் 6 மடங்கில் இலக்கு கையில் நிற்காது. கப்பல் மாதிரிகளின் நுணுக்கத்தைத் தூரத்தை வைத்துக் குறைக்கும் ஏற்பாடு இருந்தால், அந்தத் தூரங்களை மடங்கால் பெருக்குங்கள். செய்யாவிட்டால் 5 கி.மீ. தள்ளியிருக்கும் சரக்குக் கப்பல் 6 மடங்கில் வெறும் பெட்டியாகத் தெரியும். கேமரா வரையும் எல்லைத் தூரத்தையும் தொடுவானம் தாண்டி நீட்டிவிடுங்கள்.

வட்டமும் மாஸ்க்கும்

2048×2048 அளவில் சதுரப் படம் ஒன்று தொடங்குங்கள். அதைத் திரையின் உயரத்துக்குப் பொருத்தப் போகிறோம். அகலத்தில் மீதி இடத்தை வெறும் கறுப்பு நிரப்பும். படத்தையே 16:9 ஆக நீட்டினால் வட்டம் முட்டையாகும்.

1. நடுவில் 922 பிக்சல் ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே முழு ஒளிபுகுதல், வெளியே முழுக் கறுப்பு என்று அமையுங்கள்.
2. விளிம்பை இரண்டு, மூன்று பிக்சல் மட்டும் மென்மையாக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம்.
3. தனி லேயரில், வட்டத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மெல்ல இருட்டிக்கொண்டே போகும் நிழல் சேருங்கள். விளிம்பில் 35 முதல் 40 சதவீதக் கறுப்பு போதும்.
4. ஒளிபுகும் தகவலோடு பி.என்.ஜி. ஆகவோ 32 பிட் டி.ஜி.ஏ. ஆகவோ சேமியுங்கள்.

இரண்டாம் படி பலருக்கு வியப்பாக இருக்கும். விளிம்பு பரவலாக மங்க வேண்டும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கருவிக்குள் வட்டத்தை உண்டாக்கும் வளையம், உருவம் வந்து விழும் தளத்திலேயே இருக்கிறது. அதனால் கண்ணுக்கு அந்த விளிம்பு கூர்மையாகத்தான் தெரியும். ஓரங்கள் இருண்டு போவது வேறு காரணத்தால்: சாய்ந்து வரும் ஒளியின் ஒரு பகுதி நீண்ட குழாயின் சுவரிலும் லென்ஸ்களின் விளிம்பிலும் தடைபட்டுப் போகிறது. கூர்மையான விளிம்பு, அதற்கு முன்பே தொடங்கும் மெல்லிய இருள் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் கண்ணாடி வழியே பார்க்கும் உணர்வு வரும்.

*தவறு:* ஒளிபுகும் பகுதியின் நிறத்தை வெள்ளையாக விட்டுவிடுவது. சேமித்து எஞ்சினில் ஏற்றும்போது விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு முளைக்கும். ஒளிபுகும் பகுதிக்கும் அடியில் கறுப்பு நிறமே இருக்கட்டும்.

அளவுகோடுகள்

பெரிஸ்கோப்பின் நடுவே நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டு மெல்லிய கோடுகள். அவற்றின் மேல் சம இடைவெளியில் சிறு குறிகள். 1.5 மடங்கில் ஒரு குறிக்கும் அடுத்ததற்கும் 1 டிகிரி. 6 மடங்கில் அதே இடைவெளி கால் டிகிரி.

இங்கேதான் பெரும்பாலான விளையாட்டுகள் சறுக்குகின்றன. மடங்கை மாற்றியதும் கோடுகளும் சேர்ந்து பெரிதாகின்றன. மடங்கை மாற்றும் லென்ஸ்கள் பெரிஸ்கோப்பின் தலைப்பக்கம் இருக்கின்றன. கோடுகள் பொறித்த கண்ணாடி அவற்றுக்குக் கீழே, கண் பக்கம் இருக்கிறது. ஆகவே கோடு அசையாமல் அதே தடிமனில் நிற்க, அதன் பின்னால் இருக்கும் கடல் மட்டும் நான்கு மடங்கு பெரிதாக வேண்டும்.

1. அளவுகோடுகளை மாஸ்க்கோடு சேர்க்காமல் தனிப் படமாக வரையுங்கள்.
2. குறிகளுக்கு இடையே திரையில் 29.6 பிக்சல், 2048 படத்தில் 56.1 பிக்சல். மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 16 குறிகள் கொள்ளும்.
3. கோட்டின் தடிமன் திரையில் ஒன்று முதல் ஒன்றரை பிக்சல். ஐந்தாவது குறி ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளமாக இருந்தால் எண்ணுவது எளிது.
4. இந்தப் படத்துக்கு மிப்மேப்பை அணைத்துவிடுங்கள். இருந்தால் கோடுகள் மங்கி, சில குறிகள் காணாமலே போகும்.
5. நிறம் முழுக் கறுப்பு. ஒளிரும் பச்சைக் கோடுகளை வைக்காதீர்கள்.

கணக்கில் கெட்டிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். தட்டையான திரையில் கோணங்கள் ஓரத்தை நோக்கி விரிகின்றனவே, குறிகளையும் அப்படியே விரித்துப் போட வேண்டாமா? விரித்தால் 1.5 மடங்குக்குச் சரியாகவும் 6 மடங்குக்குத் தப்பாகவும் வரும். சம இடைவெளியில் போட்டால் 6 மடங்கில் கச்சிதமாகப் பொருந்தும், 1.5 மடங்கில் 15-ஆவது குறியில் மூன்றில் ஒரு டிகிரி பிசகும். தூரம் அளப்பதெல்லாம் 6 மடங்கில்தான். ஆகவே சம இடைவெளியையே வையுங்கள்.

*சரிபார்க்க:* 1000 மீட்டர் தொலைவில், நீர்மட்டத்திலிருந்து 17.5 மீட்டர் உயரமுள்ள கம்பம் ஒன்றை நடுங்கள். 1.5 மடங்கில் அது ஒரு இடைவெளி உயரம் இருக்க வேண்டும். 6 மடங்கில் நான்கு. இரண்டும் பொருந்தாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

*குறிப்பு:* இலக்கு இருக்கும் திசையின் எண்ணைக் காட்சிக்குள் எழுத வேண்டாம். அமெரிக்கக் கப்பல்களில் அது பெரிஸ்கோப் குழாயைச் சுற்றியுள்ள வளையத்தில் இருந்தது; கேப்டன் "மார்க்" என்றதும் அருகில் நிற்கும் உதவியாளர் அதைப் படித்துச் சொல்வார். ஒரு விசையை அழுத்தினால் ஒரு குரல் எண்ணைச் சொல்லட்டும். கண்ணை எடுக்காமல் காதால் தெரிந்துகொள்ளும் அந்த அனுபவம் திரையில் மின்னும் எண்ணால் கிடைக்காது.

ஒளி வரும் வரிசையில் அடுக்குதல்

இப்போது தொடக்கத்தில் சொன்ன விதிக்கு வருகிறோம். கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. கடல், கப்பல்கள், வானம். எஞ்சின் வரைந்த காட்சி.
2. தலைக் கண்ணாடியின் மேல் இருக்கும் தண்ணீர். மிக மங்கலாக.
3. குழாய்க்குள் ஒளி இழப்பு, நிறச் சாயல், வெளிறல்.
4. அளவுகோடுகளும் அவற்றின் மேல் படிந்த தூசியும். கூர்மையாக.
5. வட்டத்தின் விளிம்பு. கூர்மையாக.
6. கண் அசைவதால் வரும் நிழல். மங்கலாக.

இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். பெரிஸ்கோப்பின் தலையில் ஒட்டியிருக்கும் துளி லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. கருவியோ தொலைவில் உள்ள கப்பலில் குவிந்திருக்கிறது. ஆகவே துளியின் வடிவம் தெரியவே தெரியாது. அது இருக்கும் பக்கம் காட்சி கரைந்து, நெளிந்து, ஒளி சிதறித் தெரியும். மழை நாளில் காரின் முன்கண்ணாடியில் தெரிவதைப் போல வட்ட வட்டத் துளிகளை வரைந்து வைப்பது முழுத் தவறு. நாய்ஸ் படம் ஒன்றை எடுத்து, நன்றாக மங்கலாக்கி, அதைக் கொண்டு திரைக் காட்சியை ஷேடரில் இடம்பெயர்த்துங்கள். கூடவே அதே இடங்களில் காட்சியைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள். அவ்வளவுதான்.

தூசிக்கு இதற்கு நேர்மாறு. அளவுகோட்டுக் கண்ணாடியில் படிந்த ஒரு துகள் கோட்டைப் போலவே கூர்மையாகத் தெரியும், காட்சி திரும்பினாலும் அசையாது. நான்கைந்து துகள்கள், ஒன்றிரண்டு குட்டி இழைகள் போதும். கீறல் வேண்டாம், அது மூடிய குழாய்க்குள் இருக்கும் கண்ணாடி, யார் கையும் அங்கே போவதில்லை.

மூன்றாவது படியில் ஷேடர் மூன்று காரியம் செய்ய வேண்டும். சுமார் 12 மீட்டர் நீளக் குழாயில் அடுத்தடுத்து வரும் லென்ஸ்கள் ஒவ்வொன்றும் ஒளியில் கொஞ்சத்தை விழுங்குகின்றன. மொத்தக் காட்சியை 30 சதவீதம் வரை இருட்டாக்கிப் பாருங்கள். லென்ஸ் பரப்புகளில் எதிரொளித்துத் திரியும் ஒளி கறுப்பைச் சாம்பலாக்குகிறது. ஆகவே மிக இருண்ட பகுதியை ஐந்து சதவீதம் அளவுக்கு உயர்த்துங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திரும்பும்போது இதை இன்னும் கூட்டினால் அந்தத் திசையில் கப்பல் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை ஆட்டக்காரர் உணர்வார். கடைசியாக, மிக இலேசான மஞ்சள்-பச்சைச் சாயல். நிறப் பிரிவை ஓரங்களில் மட்டும், ஒரு பிக்சலுக்கு மேல் போகாமல் வையுங்கள்.

தண்ணீர் மேலே வரும் தருணம்

இந்த ஒரு நிகழ்வுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஆட்டக்காரர் இதை நூற்றுக்கணக்கான முறை பார்க்கப் போகிறார்.

1. தலை நீருக்கடியில் இருக்கும்போது கரும்பச்சை; மேலே ஏற ஏற வெளிறும்.
2. மட்டத்தைத் தொடும் கணத்தில் வெண்ணுரையும் வெளிச்சமும் கலந்த ஒரு கலக்கம், அரை நொடி.
3. வெளியே வந்ததும் முழு வட்டமும் நெளியும். இடப்பெயர்ச்சியின் அளவை ஒன்றரை முதல் இரண்டு நொடிக்குள் படிப்படியாகக் குறையுங்கள். மேலிருந்து கீழ்நோக்கித் தெளியட்டும்.
4. கீழ்ப்பகுதியில் எஞ்சும் கலக்கம் மேலும் சில நொடி இருந்து மறையட்டும்.

கேமராவின் உயரம் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் என்றால், அலையின் முகடு அந்த மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் எழும்பினால் காட்சி மூழ்க வேண்டும். அலை வரும்போதெல்லாம் கேமராவைத் தானாக உயர்த்திவிடும் குறுக்குவழியை எடுக்காதீர்கள். கொந்தளிக்கும் கடலில் கேப்டன் பெரிஸ்கோப்பை இன்னும் உயர்த்தலாமா, உயர்த்தினால் எதிரி பார்த்துவிடுவானா என்று தவிப்பதுதான் ஆட்டம்.

கேமரா குழாயின் அச்சிலேயே இருக்க வேண்டும். அரை மீட்டர் தள்ளி இருந்தாலும் திருப்பும்போது அருகில் உள்ள அலைகள் பக்கவாட்டில் நழுவும்.

தொடுவானம்

பூமி உருண்டை என்பதை உங்கள் விளையாட்டு மறந்திருந்தால் இங்கே நினைவூட்டுங்கள். தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் = 3.57 × கண்ணின் உயரத்துக்கு (மீட்டரில்) வர்க்கமூலம். பெரிஸ்கோப் ஒரு மீட்டர் வெளியே இருந்தால் 3.6 கி.மீ.; அரை மீட்டர் என்றால் 2.5, மேல்தளத்தில் 5 மீட்டர் உயரத்தில் பைனாகுலரோடு நிற்பவருக்கு 8 கி.மீ.

அதற்கு அப்பால் இருக்கும் கப்பலின் அடிப்பகுதி மறையும். எவ்வளவு மறையும் என்பதற்கு: கப்பலின் தூரத்திலிருந்து தொடுவானத் தூரத்தைக் கழித்து, 3.57-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள். பெரிஸ்கோப் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்க, 10 கி.மீ. தள்ளியுள்ள கப்பலின் 3.2 மீட்டர் மறையும், 15 கி.மீ. என்றால் 10 மீட்டர். அதே 15 கி.மீ. கப்பலை மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏறக்குறைய 4 மீட்டர் மட்டுமே மறையும்.

தட்டையான கடல் வைத்திருப்பவர்கள் அந்த அளவு கப்பலின் உருவத்தைக் கடலுக்குள் இறக்கினால் போதும். உருவத்தை மட்டும் இறக்குங்கள். டார்பிடோ மோதலைக் கணக்கிடும் உடல் பழைய இடத்திலேயே இருக்கட்டும். கணக்குக்கு அலையோடு ஏறி இறங்கும் கேமரா உயரத்தை எடுக்காமல் சராசரி உயரத்தை எடுங்கள், இல்லாவிட்டால் தூரத்துக் கப்பல்கள் துள்ளும்.

பாய்மரக் கம்பமும் புகையும் முதலில் தெரிந்து, பிறகு புகைபோக்கி, பிறகு மேல்கட்டு என்று ஒரு கப்பல் கடலிலிருந்து முளைத்து வரும் காட்சியை ஆட்டக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் விளையாட்டை விடமாட்டார்.

பைனாகுலர்

படச்சட்டத்தில் இரண்டு வட்டங்கள் ஒட்டி எட்டு போலக் கிடப்பது சினிமாவின் வழக்கம். கண்களின் இடைவெளிக்குச் சரியாக வைத்த பைனாகுலரில் தெரிவது ஒரே வட்டம். ஆகவே பெரிஸ்கோப்புக்குச் செய்த மாஸ்க்கையே எடுத்து, அளவுகோடுகளை நீக்கி, ஓர நிழலைப் பாதியாகக் குறையுங்கள். ஒளி இழப்பும் வெளிறலும் மிகச் சிறிது. குழாய் குட்டை, கண்ணாடிகள் குறைவு.

அசைவில்தான் வித்தியாசம். கையில் பிடித்த பைனாகுலருக்கு இரண்டு அசைவுகளைச் சேருங்கள்: மூச்சோடு சேர்ந்து மெல்ல ஏறி இறங்குவது, அதன் மேல் கைநடுக்கத்தின் சிறு துடிப்பு. கப்பலின் ஆட்டத்தை இங்கே முழுதாகக் கொடுக்காதீர்கள், மனிதர் உடம்பு அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மேல்தளத்தில் கம்பத்தின் மேல் பொருத்திய இலக்குநோக்கிப் பைனாகுலருக்கு இதற்கு மறுபக்கம்: கைநடுக்கம் இல்லை, கப்பல் சாயும்போது தொடுவானம் முழுக்கச் சாயும். பெரிஸ்கோப்பும் கப்பலோடு பிணைந்தது, அதிலும் தொடுவானம் சாய வேண்டும். கப்பலின் வேகம் கூடும்போது பெரிஸ்கோப் காட்சியில் நுண்ணிய அதிர்வையும் சேருங்கள்.

இரவு

பைனாகுலரை எடுத்ததும் இருட்டில் எல்லாம் பளிச்சென்று தெரிவது தவறு. எந்த லென்ஸாலும் ஒரு பரப்பின் பிரகாசத்தை வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூட்ட முடியாது. 7×50 கருவியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை 50-ஐ 7-ஆல் வகுத்தால் வரும் 7.1 மில்லிமீட்டர், இருட்டில் விரிந்த இளைஞரின் கண்மணியும் ஏறக்குறைய அதே அளவு. அதனால்தான் கடற்படைகள் இதைத் தேர்ந்தெடுத்தன: காட்சி இருட்டாகாமல் பெரிதாகிறது, பெரிதானதால் கண்ணுக்குப் பிடிபடுகிறது.

செய்ய வேண்டியது: கடல், கப்பல், வானம் மூன்றின் பிரகாசத்தையும் வெறுங்கண் அளவிலேயே விடுங்கள். நட்சத்திரம், தூரத்து விளக்கு போன்ற ஒளிப்புள்ளிகளை மட்டும் கூட்டுங்கள். பெரிஸ்கோப்பில் எல்லாவற்றையும் குறையுங்கள், குறிப்பாகத் தாக்குதல் பெரிஸ்கோப்பில். எதிரி கண்ணில் படாமலிருக்க அதன் தலை மெலிந்தது, உள்ளே நுழையும் ஒளியும் அதற்கேற்பக் குறைவு. இரவுக்கென்று அகன்ற தலையோடு தனிப் பெரிஸ்கோப் செய்ததும் இதனால்தான். எஞ்சின் தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும் வசதி இருந்தால் இந்தக் காட்சிகளில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாஸ்க்கின் கறுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு நள்ளிரவைப் பகலாக்கிவிடும்.

தூரம் அளக்கும் இரட்டைக் காட்சி

அமெரிக்கப் பெரிஸ்கோப்பில் ஸ்டாடிமீட்டர் என்ற ஏற்பாடு உண்டு. கைப்பிடியைத் திருப்பினால் காட்சி இரண்டாகி, ஒன்று மற்றதன் மேல் நழுவும். ஒரு உருவத்தின் நீர்மட்டம் மற்றதன் கம்ப உச்சியைத் தொடும்போது நிறுத்தினால், கப்பலின் உயரத்திலிருந்து தூரம் கிடைக்கும்.

1. ஷேடரில் திரைக் காட்சியை இரண்டு முறை எடுங்கள், இரண்டாவதை உயரவாக்கில் நகர்த்தி எடுங்கள்.
2. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலவுங்கள். இரண்டும் வெளிறித் தெரியும். உண்மையிலும் அப்படித்தான், ஒளி பங்கிடப்படுகிறது.
3. இந்தப் பிரிப்பை மேலே சொன்ன வரிசையில் அளவுகோட்டுக்கு முன்பே செய்யுங்கள். கோடுகள் இரட்டையாகக் கூடாது.
4. 6 மடங்கில் ஒரு பிக்சல் நகர்வு = 0.0001475. தூரம் = கம்ப உயரம் ÷ (நகர்ந்த பிக்சல் × 0.0001475).

30 மீட்டர் கம்பமுள்ள கப்பல் 2000 மீட்டரில் 102 பிக்சல் உயரம். ஒரு பிக்சல் தப்பினால் 20 மீட்டர் பிசகும். 5000 மீட்டரில் அதே ஒரு பிக்சல் 120 மீட்டர் பிசகைத் தரும். இந்தப் பிசகைச் சரிசெய்ய முயல வேண்டாம். தூரத்திலிருந்து சுடுவது ஏன் தப்பும் என்பதற்கு வேறு எந்த விதியும் எழுதத் தேவையில்லாமல் போகிறது.

ஆட்டக்காரரின் கண்ணும் தலையும்

வட்டத்துக்குள் ஆடும் காட்சி சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் கொண்டுவரும். அசைவின் அளவுக்கு 0 முதல் 100 வரை ஒரு நகர்த்தி கொடுங்கள், தொடக்க மதிப்பு 50 இருக்கட்டும். தொடுவானச் சாய்வை நிறுத்தும் தேர்வு தனியாக இருக்கட்டும். வெடிப்பின் வெளிச்சத்தை இருண்ட வட்டத்துக்குள் அடுத்தடுத்துப் பளிச்சிட விடாதீர்கள். ஒளிச்சிமிட்டலால் வலிப்பு வரும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. ஒரு நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துங்கள், தொடக்கத் திரையில் எச்சரிக்கையும் போடுங்கள்.

வெளியிடும் முன் நான்கு திரைகளில் ஓட்டிப் பாருங்கள்: 1920×1080, 2560×1440, அகன்ற 21:9, பழைய 4:3. ஒவ்வொன்றிலும் அந்த 17.5 மீட்டர்க் கம்பத்தை 6 மடங்கில் பாருங்கள். நான்கிலும் நான்கு இடைவெளி காட்டினால் கோப்புகளைக் கட்டி அனுப்பலாம்.